சுண்ணாம்பு ஏற்றுக்கொண்ட நிறங்கள்

மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டுக்கு நல்ல நிறமாகப் பூச வேண்டும் என்றுதான் ஆரம்பித்தோம். நிறத்துக்கு வருவதற்குள் சுவரைப் பாதி உரிக்க வேண்டியதாகிவிட்டது. கூடத்தில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. விரலால் தட்டினால் உள்ளேயிருந்து வெள்ளைத் தூள் கொட்டும். ஓதம் ஏறுகிறது என்பார்கள் ஊரில். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷன் பூசுவோம். அடுத்த ஐப்பசி மழைக்கு அது உரிந்து விழும். பெயிண்ட் சரியில்லை என்று அடுத்த முறை இன்னும் விலை கூடின டப்பாவாக வாங்குவோம்.

குறை பெயிண்டில் இல்லை. வீடு தாத்தா காலத்தில் கட்டியது. செங்கல்லை அடுக்கியது சுண்ணாம்புக் கலவையில். அடியில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. டெல்டாவின் களிமண் மழைக்காலம் முடிந்த பிறகும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தண்ணீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறும். பழைய சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை ஏறின ஈரம் காற்றில் போய்விடும், சுவர் காய்ந்துவிடும். தொண்ணூறுகளில் யாரோ சொல்லி, சுண்ணாம்பைப் பெயர்த்துவிட்டு சிமெண்ட் பூசினார்கள். அதற்கு மேல் பிளாஸ்டிக் பெயிண்ட். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறியது. தண்ணீரோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சையே வெளியே தள்ளியது. கடல் அதிக தூரத்தில் இல்லாத மண்ணில் இது இன்னும் மோசம்.

ஆக, எங்களுக்குத் தேவைப்பட்டது சுவரை மூச்சுவிட விடுகிற நிறம். அம்மாவுக்குக் கூடம் மஞ்சளாக வேண்டும். எனக்கு ஒரு அறையாவது நீலம். அண்ணன் மகளுக்குப் பச்சை, அதுவும் மாங்காய்ப் பச்சை. கடையின் வண்ண அட்டையில் எல்லாம் இருந்தது. சுண்ணாம்பிடம் போய்க் கேட்டால் அது எல்லாவற்றுக்கும் சரி சொல்லாது.

சிமெண்ட் பூச்சைப் பெயர்க்கச் சொன்னபோது கொத்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அறுபதைத் தாண்டியவர், சின்ன வயதில் சுண்ணாம்பு வேலை பார்த்துப் பழகினவர் என்பதால்தான் அவரைத் தேடிப் பிடித்தோம். “என்னம்மா இது, ஊர்ல எல்லாரும் சுண்ணாம்பைப் பேத்துட்டு சிமெண்ட் போடச் சொல்றாங்க, நீங்க சிமெண்டைப் பேத்துட்டு சுண்ணாம்பு போடச் சொல்றீங்களே?” என்றார். “அண்ணே, கூடம் முழுக்க வேண்டாம், ஓதம் ஏறின உயரத்துக்கு மேல ரெண்டு அடி வரைக்கும் பேத்தா போதும்” என்றேன். மேலே காய்ந்த சுவரில் இருந்த சிமெண்ட் பூச்சை அப்படியே விட்டு, அதன் மேலிருந்த எமல்ஷனை மட்டும் சுரண்டினோம். எமல்ஷன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. கொஞ்ச நாளில் அப்பளமாக உரிந்து வரும். வெறும் சிமெண்ட் பூச்சு என்றால் பிடிக்கும்.

பெயர்த்த இடத்தில் செங்கல் இடுக்குகளில் இருந்த பழைய கலவை கையால் தொட்டாலே உதிர்ந்தது. அதையும் ஒரு விரற்கடை ஆழம் சுரண்டி எடுத்து, காய்ந்த தேங்காய்நார்க் கட்டையால் உப்பைத் துடைத்து, கூட்டி அள்ளிக் கொல்லைக்குக் கொண்டுபோகாமல் தெருக்கோடியில் கொட்டச் சொன்னார் கொத்தனார். உப்பு கலந்த தூள் கொல்லை மண்ணில் சேரக் கூடாது என்பது அவர் கணக்கு. தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது என்பதிலும் கறாராக இருந்தார். கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். பெயர்த்த சுவரை அப்படியே ஒரு கோடை காய விட்டோம். அவசரப்பட்டால் இந்த வேலையே வீண்.

சுண்ணாம்புக்குக் கடற்கரைப் பக்கம் போனோம். கிளிஞ்சலைக் கரியோடு அடுக்கிச் சுடும் காளவாய் இன்னும் அங்கங்கே இருக்கிறது. மூட்டையில் வரும் நீற்றின சுண்ணாம்புத் தூளையும் கடையில் வாங்கலாம். ஆனால் அது எத்தனை நாள் கிடங்கில் காற்றுப்பட்டுக் கிடந்தது என்று தெரியாது. காற்றுப்பட்ட சுண்ணாம்பு பாதி வேலையைச் சுவருக்கு வருவதற்கு முன்பே முடித்துவிட்டிருக்கும். சுண்ணாம்பின் வித்தை அதுதான். கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரியில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் நீறும். சுவரில் பூசினால் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப இழுத்து மறுபடி கல்லாகும்.

நீற்றும் வேலையைச் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள். பாதி அளவு தண்ணீர் நிரப்பின தொட்டியில் சுட்ட சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, தெறிக்கும். போட்டதும் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு கட்டி வெடிக்கிற சத்தம், அப்புறம் தொட்டி முழுக்கத் தளதளவென்று கொதி. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். நீற்றின சுண்ணாம்பின் காரம் கண்ணைக் கெடுத்துவிடும்; தப்பித் தெறித்தால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கைக்குக் கையுறை. சித்தாள் வந்த அக்கா கையுறையைச் சிரித்தபடி ஒதுக்கிவிட்டு முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். நான் இரண்டையும் செய்தேன்.

கொதி அடங்கினதும் சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் நான்கு விரல் தண்ணீர் நிற்கிற மாதிரி மூடி வைத்தோம். சில வாரம் கழித்துக் கரணையால் எடுத்தால் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வந்தது. நாள் ஆக ஆக இது இன்னும் மேம்படும், கெட்டுப் போகாது. சிமெண்ட் மூட்டை மாதிரி மழைக்காலத்துக்குள் தீர்த்தாக வேண்டும் என்ற கவலை இல்லை.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டு ஓடுகளில் பாதி போய்விட்டது. உடைந்த நாட்டு ஓடு கொல்லையில் குவியலாகக் கிடந்தது, யாருக்கும் வேண்டாத குப்பையாக. அதை இடித்துச் சலித்தால் சுர்க்கி. சுண்ணாம்பு காற்றை இழுத்துத்தான் இறுகும், ஈரச் சுவரில் அது ரொம்ப மெதுவாக நடக்கும். மிதமான சூட்டில் சுட்ட களிமண் தூளைக் கலந்தால் இரண்டும் ஒன்றோடொன்று வினை புரிந்து ஈரத்திலும் இறுகும். அதிகம் வெந்த செங்கல் இதற்கு ஆகாது. சரியாக வேகாத செங்கல், நாட்டு ஓடு இவைதான் நல்லது. இடித்த தூளை மாவுச் சல்லடையில் சலித்தபோது வந்த நிறம் இருக்கிறதே, அதையே சுவருக்கு நிறமாக விட்டுவிடலாமா என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது.

கலவைக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சுர்க்கி ஒரு பங்கு. மேல் பூச்சுக்கு நைஸ் மணல், சுண்ணாம்புக்குச் சமமாக. தண்ணீருக்குப் பதில் கடுக்காய்த் தண்ணீர். கடுக்காயை இடித்து, வெல்லத்தோடு பத்து நாள் போல ஊற வைத்தால் புளித்து நுரைக்கும். அதை வடித்துக் கலவையில் ஊற்றினால் குழைவும் பிடிப்பும் கூடும், வெடிப்பு குறையும். இந்தத் தண்ணீரை இரும்பு டிரம்மில் வைக்காதீர்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை. அந்தக் காலத்தில் எழுதுகிற மையே அப்படித்தான் செய்தார்கள். மண்பானை, பிளாஸ்டிக் டிரம் போதும். வெள்ளையாக நிற்க வேண்டிய கடைசிப் பூச்சில் கடுக்காய் சேர்த்தால் பழுப்புக் கறை தெரியும், அங்கே வெறும் தண்ணீர்தான்.

பூசுவதற்கு முந்தின நாள் மாலையும் அன்று காலையும் சுவரை நனைத்தோம். காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தைக் குடித்துவிட்டால் பூச்சு தூளாகிவிடும். முதல் பூச்சு அரை அங்குலத்துக்குள். கொத்தனார் பூச்சைச் சமப்படுத்தும் மணியாசுக் கட்டையை வைத்துத் தேய்க்கிற சத்தத்திலேயே பதம் பார்த்தார். “சரசரன்னு கேட்டா இன்னும் ஈரம் இருக்கு, சுர்னு கேட்டா விட்டுடணும்” என்றார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு ஒரு வாரம் ஈரமாக வைத்திருந்தோம். வெயில் நேராகப் படுகிற முற்றத்துப் பக்கச் சுவருக்குப் பழைய பாயும் கட்டினோம்.

இனி நிறம்.

அண்ணன் மகள்தான் முதலில் கேட்டாள்: “அத்தை, மஞ்சள் வேணும்னா மஞ்சத்தூளையே கலந்துடலாமே, அதுதானே இயற்கை?” அம்மா பதில் சொல்லவில்லை. கொல்லைச் சுவரில் அப்போதுதான் அடித்திருந்த ஈரச் சுண்ணாம்பின் மேல் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைத் தேய்த்தார். ரத்தச் சிவப்பு. ஆரத்தி கரைத்த வீட்டில் இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லைதான், ஆனால் சுவர் என்று வந்தால் யாருக்கும் ஆரத்தித் தட்டு ஞாபகம் வருவதில்லை. அந்தச் சிவப்பும் நிற்கவில்லை. சுண்ணாம்பு இறுக இறுகக் காரம் குறைந்து நிறம் மாறியது, வெயில் பட்ட பக்கம் வெளுத்தே போனது. மஞ்சள் மட்டும் இல்லை, செம்பருத்தி, பீட்ரூட் என்று பூவிலும் கிழங்கிலும் எடுக்கிற சாயங்கள் பெரும்பாலும் இப்படித்தான். ‘இயற்கை வண்ணம்’ என்று காய்கறிச் சாறு பூசச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது.

சுண்ணாம்பு தாங்குகிற நிறங்கள் மண்ணிலும் கல்லிலும் இருப்பவை. முதலில் காவி. கோயில் மதில்களில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அது இரும்பு ஆக்சைடு. துரு எவ்வளவு நாள் துருவாகவே இருக்குமோ அவ்வளவு நாள் அந்த நிறம் இருக்கும். மஞ்சள் காவியும் இரும்புதான், தண்ணீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. கறுப்பு ஆக்சைடும் உண்டு. கடையில் தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடு, யெல்லோ ஆக்சைடு என்று கிடைப்பது பெரும்பாலும் ஆலையில் செய்தது. மண்ணிலிருந்து வெட்டின காவியில் களிமண்ணும் மணலும் கலந்திருக்கும், நிறம் மென்மையாக விழும். ஆலைத் தூள் கொஞ்சம் போட்டாலே அடர்ந்துவிடும். இரண்டும் நிற்கும். நான் கூடத்துக்கு மண்ணில் வெட்டின மஞ்சள் காவியும் வாசல் பட்டைக்கு ஆலைத் தூளும் எடுத்தேன்.

நீலத்துக்குத் துணிக்குப் போடும் நீலப்பொடி. அந்தக் காலத்தில் வெள்ளையடிக்கும்போது பளிச்சென்று தெரிய ஒரு சிட்டிகை சேர்ப்பார்களே, அதேதான். அது அல்ட்ராமரீன் என்கிற கனிம நிறம். சுண்ணாம்பின் காரம் அதை ஒன்றும் செய்யாது, ஆனால் புளிப்பு ஆகாது. எலுமிச்சைச் சாறு பட்டால் நிறம் வெளுத்து அழுகின முட்டை வாடை வரும். அதனால் சமையலறையில் நீலம் கிடையாது என்று முடிவானது. புளி கரைக்கிற, ஊறுகாய் போடுகிற வீடு இது. இன்னொன்று, சொட்டு நீலமாகப் பாட்டிலில் வருவது இது இல்லை. அது சாயம். வாங்கின பொடி எது என்று சந்தேகமாக இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் சுண்ணாம்புத் தண்ணீரோடு கலக்கி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் நிறம் அப்படியே அடியில் படிந்திருந்தால் நல்லது, தண்ணீரெல்லாம் பரவியோ வெளுத்தோ இருந்தால் வேண்டாம். எந்தத் தூளுக்கும் இந்தச் சோதனை செல்லும்.

பச்சைதான் பாடு. மாங்காய்ப் பச்சை சுண்ணாம்பில் வராது என்று அண்ணன் மகளிடம் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. குரோமியம் ஆக்சைடு என்று ஒரு பச்சை உண்டு, சுண்ணாம்பைத் தாங்கும்; எங்கள் பக்கத்துக் கடைகளில் சில்லறையாகக் கிடைக்கவில்லை. மஞ்சள் காவியும் நீலப்பொடியும் கலந்து பார்த்தோம், மங்கின பாசி நிறம் வந்தது. மஞ்சள் காவியில் துளி கறுப்பு சேர்த்தால் மங்கின ஆலிவ் பச்சை, அதையும் பார்த்தோம். உடைந்த ஓட்டுத் துண்டுகளின் பின்பக்கம் ஒவ்வொரு அளவிலும் பூசி, கரித்துண்டால் எண் போட்டு, முற்றத்தில் வரிசையாக வைத்தோம். வயதுக்கு ஏற்ற அலட்சியத்தோடு முதல் நாள் பார்க்காமலே போனவள், காய்ந்த பிறகு நான்காவது துண்டைத் தூக்கிக்கொண்டு வந்து “இது பரவாயில்லை அத்தை” என்றாள். மஞ்சள் காவி மூன்று பங்கு, நீலம் ஒரு பங்கு. இப்போது அவள் அறை பழைய தாமரைக்குளத்துத் தண்ணீர் நிறத்தில் இருக்கிறது.

காய்ந்த பிறகு என்பதை அழுத்திச் சொல்கிறேன். சுண்ணாம்பில் கலந்த நிறம் ஈரத்தில் பார்ப்பதைவிடக் காய்ந்தால் பல மடங்கு வெளிறும். ஈரத்தில் செங்காவியாக இருந்தது காய்ந்தால் ரோஜாப்பூ நிறம். அதைப் பார்த்துப் பயந்து மேலும் மேலும் தூள் கொட்டக் கூடாது. சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பிடிப்பதற்குச் சுண்ணாம்பு போதாமல், சாய்ந்து உட்கார்ந்தவர் சட்டையில் நிறம் ஒட்டும். அடர்த்தியாகவே வேண்டும் என்றால் சுண்ணாம்பு சரிப்படாது, வேறு வழி பார்க்க வேண்டும்.

அடிக்கும் முறை. தூளை முதல் நாளே தண்ணீரில் குழைத்து ஊற வைக்கணும். நேராகக் கொட்டினால் கட்டி கரையாமல் சுவரில் கோடு கோடாக இழுக்கும். குழைந்த சுண்ணாம்பில் தண்ணீர் சேர்த்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நிறத்தைக் கலந்து, ஒரு சுவருக்கு வேண்டியதை ஒரே டிரம்மில் கரைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கரைத்தால் அதே நிறம் வரவே வராது. வெள்ளையடிக்கும் மட்டையைத் தோய்த்துத் தூக்கினால் துளித்துளியாக விழணும், இழையாக ஒழுகினால் கெட்டி. கெட்டியாக அடித்தால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும், காய்ந்ததும் வெடித்துப் பொருக்காகிவிடும். மெல்லிசாக நான்கைந்து தடவை, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நாள் இடைவெளி, ஒவ்வொரு முறையும் சுவரை லேசாக நனைத்துவிட்டு.

கொத்தனார் தாழை விழுதைத் தட்டி நாராக்கின மட்டை ஒன்று வைத்திருந்தார். கடையில் வாங்கின நைலான் பிரஷ்ஷை நான் எடுத்துப் போனேன். நைலான் சுண்ணாம்பைப் பிடிக்காமல் கையில் வழியவிட்டது. விழுது மட்டை தண்ணீரை உள்ளே பிடித்துக்கொண்டு, இழுக்க இழுக்கக் கொஞ்சமாக விடுகிறது. முதல் தடவை அடித்ததும் ஒன்றுமே அடிக்காத மாதிரி அடியிலிருக்கும் சுவர் தெரியும். அரை மணியில், மட்டை போன தடமெல்லாம் மேகமாகப் பூத்து வெளியே வரும். எமல்ஷனின் ஒரே சீரான நிறம் பழகின கண்ணுக்கு இது திட்டுத்திட்டாகத் தெரியலாம். எனக்கு அந்தத் திட்டுதான் பிடித்தது. பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு “இன்னொரு கோட்டு அடிக்கணும்போல இருக்கே” என்றார்.

பிடிப்புக்கு முன்பெல்லாம் வஜ்ரப் பசையும் உப்பும் சேர்ப்பார்கள். உப்பைச் சேர்க்கவே இல்லை. ஏற்கெனவே உப்பில் தவிக்கிற சுவர், மேலும் ஈரத்தை இழுக்கும். காய்ந்த அறைகளுக்கு வெண்ணெய் எடுத்த மோரைக் கொஞ்சம் சேர்த்தோம். பாலின் புரதம் சுண்ணாம்போடு சேர்ந்து பசையாகி நிறத்தைப் பிடிக்கும். ஓதச் சுவருக்கு மோர் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

கதவு ஜன்னலுக்கு வருகிறேன். எல்லாம் தேக்கு, மேலே எத்தனையோ வருட எனாமல். பழைய எனாமலை எடுக்கும்போது எச்சரிக்கை வேண்டும். இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின பெயிண்டில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று யார் கண்டார்? காய வைத்து உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் மூக்கிலும் குழந்தைகள் கையிலும் போகும். தீ காட்டி உரிப்பதும் கூடாது. நனைத்து, ஈரத்திலேயே தகட்டால் சுரண்டி, சுரண்டலைச் சாக்கில் கட்டித் தனியாக வைத்தோம். வேலை நடந்த நாட்களில் குழந்தைகளுக்கு அந்தப் பக்கம் தடை.

சுரண்டின மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய், முதல் தடவைக்குக் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து. வாசல் கதவுக்கு மட்டும் அந்த எண்ணெயிலேயே காவியைக் குழைத்துப் பூசினேன். சுவரில் வெளிறின அதே காவி, எண்ணெயில் அடர்ந்து நிற்கிறது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டின துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடணும், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கி வைக்கணும். தூணின் அடிப்பாகத்துக்கு, கரையான் வருகிற இடத்துக்கு, முந்திரி ஓட்டு எண்ணெய் தடவினோம். தோலில் பட்டால் வெந்துபோகும், பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

கூரைக்குப் பழைய ஓடு. இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் மங்களூர் ஓடும் உத்திரக் கட்டையும் கிடைத்தன. ஓடுகளின் முதுகில் விதவிதமான கம்பெனி முத்திரை. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தது 1865இல். அதைப் பார்த்து எத்தனை பேர் ஆரம்பித்தார்கள் என்பதற்கு எங்கள் கூரையே சாட்சி. வாங்கும்போது ஒவ்வொன்றையும் சுண்டிப் பாருங்கள், கணீரென்று கேட்டால் எடுங்கள்.

கூடத்துத் தரை கட்டோடு பெயர்ந்திருந்ததால் ஆத்தங்குடி கல் போட்டோம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடிக்கே போய்ச் செய்வதைப் பார்த்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம், அதற்குள் பூவேலை அச்சு. கட்டத்துக்கு ஒரு நிறமாகக் குழைத்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள், அச்சை மெதுவாகத் தூக்குகிறார்கள். ஒரு நிறமும் இன்னொன்றோடு கலப்பதில்லை, அந்தத் தூக்கு கை நடுங்காத தூக்கு. மேலே காய்ந்த கலவையைத் தூவி, அப்புறம் ஈரக் கலவையை வைத்து அமுக்கி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள். சூளை கிடையாது. மேல்முகத்தின் வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது.

சிமெண்டை இவ்வளவு குறை சொல்லிவிட்டு சிமெண்ட் கல்லா என்று கேட்கலாம். உலகில் மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 7-8 சதவீதம் சிமெண்ட் செய்வதிலிருந்து வருகிறது. அதன் சூளை 1,450 டிகிரி வரை போகும். சுண்ணாம்பும் சுடும்போது அதே வாயுவைத்தான் விடுகிறது, பூசினபின் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. முழுக்கச் சுத்தமான பொருள் என்று எதுவும் இல்லை. சூளையில் வேகாத, எழுபது எண்பது வருடம் கிடக்கிற தரைக்குக் கொஞ்சம் சிமெண்ட் சரி என்று நான் முடிவு செய்தேன். அண்ணன் இதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் செங்கல் ஓடே போதும் என்கிறார்.

கல் பதித்து முடித்ததும் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவது தரை போடுகிறவர்களின் வழக்கம். ஆத்தங்குடி கல்லில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, நிறம் அரித்துவிடும். முதலிலேயே சொல்லிவைத்து, ஆசிட் பாட்டிலை வீட்டுக்குள் கொண்டுவரவே விடவில்லை. தவிடும் தேங்காய் எண்ணெயும் போட்டுத் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்கத்தான் நிறம் ஏறுகிறது, நடந்து பழகின இடம் இப்போதே பளபளக்கிறது.

திரைச்சீலைக்கு அம்மாவின் கிழிந்த சுங்குடிச் சேலைகள். கூடத்து மஞ்சளுக்கு அரக்குச் சிவப்பு, பச்சை அறைக்கு ஊதா. நாற்காலிகள் தைக்கால் ஊரில் செய்த பிரம்பு. இதில் எழுத ஒன்றும் இல்லை.

செலவு எப்படி என்று கேட்கிறார்கள். பொருள் மலிவு, கூலிதான் கூடுதல், ஏனென்றால் ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் காத்திருக்க வேண்டும், ஆள் திரும்பத் திரும்ப வர வேண்டும். தை பிறந்து ஆரம்பித்தால் மழைக்கு முன் முடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் சுண்ணாம்பும் காயாது, ஆளிவிதை எண்ணெயும் காயாது.

மேற்குச் சுவரின் அடியில் மட்டும் இன்னும் உப்பு பூக்கிறது. அந்தப் பக்கச் சந்துச் சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, இப்போது சாலை எங்கள் தரை மட்டத்துக்கு வந்துவிட்டது. மழைத் தண்ணீர் சுவரோரம் தேங்குகிறது. எந்தப் பூச்சும் இதைத் தீர்க்காது. சுவரை ஒட்டி ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, உடைந்த ஓட்டை நிரப்பி, தண்ணீரைக் கொல்லைக் குட்டைக்குத் திருப்ப வேண்டும். அதுவரை அந்தச் சுவருக்கு வெறும் வெள்ளைதான், உதிர்கிற உப்பை வாரம் ஒருமுறை காய்ந்த துடைப்பத்தால் தட்டிவிடுகிறோம். ஆடிக்குள் வெட்டிவிடலாம் என்கிறார் அண்ணன். ஓட்டுக் குவியலில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது, நிரப்ப அதுவே போதும்.